மஞ்சள் சாரம்

பணகுடிக்குத் தெற்கே, ஆடிக்காற்று
கேட்டைத் தானே திறந்து தானே சாத்தும்
துணை மின்நிலையம்.
நூற்றுப்பத்து கேவி. இரண்டு பே.
வாட்ச்மேன் பதிவேட்டில் பேய் என்று எழுதுகிறார்.
நான் திருத்துவதில்லை.

ஒரு பேயை நிறுத்தி வேலை பார்க்க வேண்டும்.
மற்றது விழித்திருக்கும்,
தேனீக்கும் கொசுவுக்கும் நடுவில் ஒரு குரலில்
முணுமுணுத்துக்கொண்டு.

மீரான்கனி முதலில் இரும்புக் குழாய் கொண்டுவந்தார்.
"ரெண்டு மணிக்கூர்ல கட்டிருவோம் மேடம்.
லைனைத்தான் நிறுத்திருவீங்கள்லா?"
நிறுத்துவேன்.
ஆனால் ஆறு மீட்டர் குழாயைத் தூக்கி நிமிர்த்தும் நேரம்
காற்று எந்தப் பக்கம் சாய்க்கும் என்று
எனக்குச் சொல்லத் தெரியாது.
பக்கத்துக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம்.
கிட்டே போனால் போதும், அது தாவி வரும்.

நிறுத்திய கம்பியும் முழுசாய்ச் சாகாது.
அண்டை வீட்டுத் துடிப்பைக் கடன் வாங்கி வைத்திருக்கும்.
எர்த் கொக்கியை மாட்டும்போது
நீலமாய் ஒரு பொட்டு, 'டிக்',
ஒப்புக்கொள்ளும்.

"அப்பம் சவுக்குக் கம்பு? மரம்தானே?"
காய்ந்த சவுக்கையே நான் நம்புவதில்லை.
இது ராத்திரி முழுக்கச் சாரல் குடித்த சவுக்கு,
கட்டின கயிறு அதைவிடக் குடித்திருக்கிறது.

கண்ணாடிநார்ச் சாரம் தூத்துக்குடியில்தான்.
வாடகை நாலு மடங்கு.
மீரான்கனி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்,
இரண்டாவது கையும் தீர்ந்துபோனது.
பெர்மிட் தாளில் மூன்று இடத்தில் என் பெயர் வேண்டும்.
எப்சிபா, எப்சிபா, எப்சிபா.
பேனாவைத் திறக்காமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
மஞ்சள். கண் கூசுகிற நல்ல மஞ்சள்.
விரல் முட்டியால் தட்டினேன்.
நீளமாய் ஒலித்தது, சர்ச் மணிக்குத் தங்கச்சி மாதிரி.
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று
என் பையில் கிடக்கும், எடுத்து வைத்தேன்.
வட்டிக்காரன் கையைப் பிடித்த மாதிரி
ஒட்டிக்கொண்டது.
நகத்தால் சுரண்டினால்
மஞ்சளுக்குக் கீழே துரு, அதற்குக் கீழே இரும்பு.

"நான் கேட்டது இது இல்ல மேடம்."
நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.
இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

திங்கள் காலை வந்தது நிஜம்.
தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம்.
காந்தம் வழுக்கி விழுந்து
என் பூட்ஸ் நுனி இரும்பில் போய் ஒட்டியது.
நம்பிராஜன் சிரித்தான், பிறகு அடக்கிக்கொண்டான்.

ஒவ்வொரு குழாயையும் துடைத்தோம்,
ஒட்டிய மண்ணும் ஈரமும் கம்பிக்குச் சமம்.
வெயிலில் நார் பூத்திருந்த இரண்டைத் தள்ளி வைத்தோம்.
சக்கரத்தைப் பூட்டி, தாங்குகால் விரித்து,
உயிருள்ள பக்கம் சிவப்புக் கயிறு கட்டி,
பதினொன்றுக்கு மேல் காற்று ஏறும்,
அதற்குள் இறங்கு என்று சொல்லி ஏற்றினேன்.

"மேடம், இங்க ஒரு கூடு."
இன்சுலேட்டருக்கு ஓரமாய் காக்கைக் கூடு.
ஒரு சுள்ளி கிடையாது.
கட்டுக்கம்பி, சைக்கிள் போக்ஸ், வளைந்த ஹேங்கர்.
காற்றுக்கு அசையாது, மழைக்கு ஊறாது, வாடகை இல்லை.
மீரான்கனி சொன்ன காரணங்கள் அத்தனையும்
அதற்கும் தோன்றியிருக்கிறது.
முட்டை இல்லை.
கம்பி ஒன்று மட்டும்
பஸ்பாரை நோக்கி ஒரு சாண் நீண்டிருந்தது.

பத்து ஐம்பதுக்கு இறங்கினார்கள்.
ஏறினது இரண்டு பேர், இறங்கினது இரண்டு பேர்,
இருந்தும் மூன்று தடவை எண்ணினேன்.
எர்த் கொக்கியைக் கழற்றி
மூன்றாவது எப்சிபாவை எழுதினேன்.

கேட் அருகில் மீரான்கனி நின்றிருந்தார்,
கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு,
எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி.
"அந்தக் காந்தம்," என்றார்,
"எந்தக் கடையில கெடைக்கும்?"